நாகஜோதி வரைந்த மழைப்படம்

மாட்டுச் சாணியை வெறுங்கையால் அள்ளி வளர்ந்தவள் நாகஜோதி. கன்று போட்ட மாட்டின் நஞ்சுக்கொடியை நாய் கவ்வுமுன் எடுத்து, பழைய சாக்கில் சுற்றி, ஊர்க்கோடி ஆலமரத்தில் கட்டிவிட்டு வந்து, கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்காருவாள். அப்படிப்பட்டவள், முப்பத்து மூன்றாவது வயதில், ஆவணி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டில் ஒரு ஃபிளெக்ஸ் பேனரைப் பார்த்துவிட்டு, கழிவறைச் சுவரோரம் போய் வாந்தி எடுத்தாள்.

பேனரில் இருந்தது அவளுடைய முகம்.

உசிலம்பட்டிக்கு மேற்கே, பஸ்ஸை விட்டு இறங்கி ஒன்றரை மைல் நடக்க வேண்டிய ஊர் அவளுடையது. அப்பா பேயாண்டிக்கு நாலு ஏக்கர் மானாவாரி நிலம். கடலை, துவரை, சோளம். மழை பெய்தால் வெள்ளாமை. பெய்யாவிட்டால் மாட்டைப் பிடித்துக்கொண்டு சந்தைக்கு. அம்மா அவள் பத்தாவது படிக்கும்போதே போய்விட்டாள். உசிலம்பட்டி அரசுப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாவது, மதுரையில் இயற்பியல் எம்.எஸ்சி., அப்புறம் நாலு வருஷம் ஒரு தனியார் பள்ளியில் ஒளிவிலகலும் ஓம் விதியும். அதில் அலுத்துப்போயிருந்த நேரத்தில், ஒத்தக்கடைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் பருவநிலை ஆய்வுக்கு உதவியாளர் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனாள். ஆய்வின் தலைவர் பேராசிரியர் அழகுபாண்டி. அவர் கேட்டது இரண்டே கேள்வி.

"லினக்ஸ் தெரியுமா? அடிக்கடி லீவு எடுப்பியா?"

தெரியும் என்றாள், எடுக்கமாட்டேன் என்றாள். வேலை கிடைத்துவிட்டது. ஒத்தக்கடையிலேயே ஒரு அறை எடுத்துத் தங்கிக்கொண்டு, சனிக்கிழமை தோறும் ஊருக்கு வந்துபோனாள்.

வேலை இதுதான். கல்லூரியின் மூன்றாவது மாடியில், ஜன்னலை அட்டை வைத்து அடைத்த அறையில், எங்கோ ஒரு கம்பெனி கழித்துக்கட்டிய எட்டு சர்வர்கள் இருந்தன. அவற்றுக்குள் ஒரு பூமி ஓடியது. காற்று, கடல், பனி, மண், செடிகொடி எல்லாவற்றையும் சமன்பாடுகளாக எழுதிவைத்த பூமி. வெளிநாட்டு விஞ்ஞானிகள் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டிப் பார்க்கலாம் என்று கொடுத்த மாடல். அந்தப் பூமியின் காற்றில், இருநூறு வருஷத்துக்கு முன்னால் இருந்தபடி, பத்து லட்சம் பங்குக்கு இருநூற்று எண்பது பங்கு கரியமிலவாயு. முதலாம் வருஷம் ஜனவரி முதல் தேதி அதை ஒரே அடியில் நாலு மடங்காக்க வேண்டும். வேறு எதையும் தொடக்கூடாது. பிறகு நூற்றைம்பது வருஷம் பூமியை அதன் போக்கில் விட்டு, என்ன ஆகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

நிஜத்தில் யாரும் ஒரே நாளில் காற்றை இப்படி மாற்றிவிட முடியாது. அது நாகஜோதிக்கு முதல் நாளே புரிந்தது. மண்பானை வாங்குகிறவள் விரலை மடக்கிச் சுண்டிப் பார்க்கிறாள் அல்லவா, அந்த மாதிரிதான் இதுவும். சுண்டினால் சத்தம் வரும். சத்தத்தில் விரிசல் தெரியும். மெல்லச் சுண்டினால், வருஷா வருஷம் தானாக ஏறி இறங்குகிற வெயில் மழை இரைச்சலில் அந்தச் சத்தம் கேட்காமலே போய்விடும். அதனால்தான் நாலு மடங்கு. எந்த ஊருக்கும் இது ஜோசியம் அல்ல.

அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. பூமிக்கு ஒரு வருஷம் ஓட இயந்திரத்துக்கு எட்டு மணி நேரம் பிடிக்கும். கரண்ட் போய் ஜெனரேட்டர் கிளம்பத் தாமதமானால் எந்த மாதத்தில் நின்றது என்று தேடிப்பிடித்து மறுபடி கிளப்ப வேண்டும். ஐம்பது நாளில் முடிய வேண்டிய ஓட்டம் மூன்று மாதம் இழுத்தது. அந்த மூன்று மாதமும் வேறொரு உலகத்துக்குத் தாதியாக இருந்ததுபோல் இருந்தாள். வாயுவை ஏற்றிய முதல் சில வாரத்திலேயே, சூடு இன்னும் ஏறாதபோதே, மேகங்கள் இடம் மாறின. மழை லேசாகக் குறைந்தது. கரியமிலவாயு தாராளமாகக் கிடைத்ததும் இலைகள் தங்கள் துளைகளைச் சுருக்கிக்கொண்டன. முதல் பத்து வருஷத்தில் தரை கிடுகிடுவென்று கொதித்தது. கடல் மட்டும் எருமை மாதிரி மெதுவாக அசைந்து, நூறாம் வருஷத்திலும் சூடேறிக்கொண்டே இருந்தது. இதையெல்லாம் பஸ்ஸில் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருக்கும். யாரிடம் சொல்வது?

ஓட்டம் முடிந்ததும் அவள் தன் ஊரைத் தேடினாள். மாடலில் ஊரெல்லாம் கிடையாது. இருநூறு கிலோமீட்டருக்கு இருநூறு கிலோமீட்டர் ஒரு கட்டம். உசிலம்பட்டி, மதுரை, தேனி, கொடைக்கானல், மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி, எல்லாம் ஒரே கட்டத்துக்குள். மலை நசுங்கி, சமவெளி எழும்பி, மொத்தமும் ஒரே மேடு. மலைக்கு மேற்கே கொட்டுகிற மழையும் கிழக்கே ஏமாற்றுகிற மழையும் கலந்து ஒரே எண். அந்த எண் கடைசி முப்பது வருஷச் சராசரியில் இருபத்திரண்டு சதவீதம் கூடியிருந்தது. ஆனால் மண்ணின் ஈரம் கூடவில்லை, குறைந்திருந்தது. மழை சில நாளில் கொட்டித் தீர்த்துவிட, மிச்ச நாளெல்லாம் ஐந்து டிகிரி கூடுதல் சூடு மண்ணை உறிஞ்சிவிட்டது. நாகஜோதி இரண்டு படம் வரைந்தாள். மழைக்குப் பச்சை, மண் ஈரத்துக்குப் பழுப்பு.

பேராசிரியர் அழகுபாண்டி அப்போது மேஜையில் உளுந்த வடை தின்றுகொண்டிருந்தார். எண்ணெய் வழிகிற விரலைப் பழுப்புப் படத்தின் மேலேயே துடைத்துவிட்டு, பச்சைப் படத்தைக் கையில் எடுத்தார்.

"இது நல்லாருக்கு. அது எதுக்கும்மா? பார்க்கவே சகிக்கல."

"ரெண்டையும் சேர்த்துப் பார்த்தாத்தான் சார் அர்த்தம்."

"ஆராய்ச்சிக் கட்டுரைக்கா கேக்குறேன்? ஆண்டு மலருக்கும்மா. பச்சைய இன்னும் கொஞ்சம் தூக்கிப் போடு. மேல இந்த நீளமான வரி வேண்டாம், படத்தையே அடைக்குது. உன் போட்டோ ஒண்ணும் அனுப்பு, பேரோட போடலாம்."

அந்த நீளமான வரி இது: 'கரியமிலவாயு திடீரென நான்கு மடங்கு. கற்பனைச் சோதனை. ஆண்டு 121 முதல் 150 வரை.' நாகஜோதி அதை அழித்தாள். பச்சையைக் கூட்டினாள். அடையாள அட்டைக்கு எடுத்த போட்டோவைச் சேர்த்து அனுப்பினாள். எல்லாம் இருபது நிமிஷ வேலை. ஆண்டு மலரை எவன் படிக்கப்போகிறான் என்று நினைத்துக்கொண்டே கணினியை அணைத்தாள். பெயர் வருகிறது என்பதில் உள்ளுக்குள் சின்ன சந்தோஷமும் இருந்தது. இதை அவள் பின்னால் யாரிடமும் மறைக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அந்தப் படம் உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டில் இருபதடி அகலத்தில் தொங்கியது. 'உசிலம்பட்டி இனி மழைச்சீமை! கம்ப்யூட்டர் ஆய்வு உறுதி செய்தது: மழை 22% கூடும். ஆய்வு செய்தவர் நம் மண்ணின் மகள் நாகஜோதி எம்.எஸ்சி. பாக்குத் தோப்பு போட இதுவே தருணம்! பொன்மேகம் பண்ணை நிறுவனம்.' அவள் முகத்தைப் பவுடர் அப்பியதுபோல் வெளுப்பாக்கி, உதட்டுக்குச் சிவப்பு ஏற்றியிருந்தார்கள். பின்னால் பாக்கு மரங்கள் வரிசையாக நின்றன. கீழே வெற்றிலை எச்சில். யாரோ சரியாக அவள் கழுத்தின் மேலேயே துப்பியிருந்தான்.

வாயைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். பேயாண்டி வாசலில் அதே படம் போட்ட நோட்டீஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நின்றார். ஒரு வாரமாக டீக்கடையில் ஒவ்வொருத்தரிடமும் அதை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாராம்.

"என்னத்தா, சொல்லவே இல்ல? அம்புட்டுப் பெரிய படமாப் போட்டிருக்காங்கெ!"

"அப்பா, அது பொய்யி."

"எது, நீ படிச்சது பொய்யா?"

"படிச்சது பொய்யில்ல. அந்தப் படம் சொல்றது நம்ம ஊர இல்லப்பா. இப்ப நடக்கப்போறதும் இல்ல. அதுல இருந்த வெவரத்த அழிச்சிட்டாங்க."

அழித்தது யார் என்று அவள் அப்போது சொல்லவில்லை. பேயாண்டி நோட்டீஸை எடுத்துப் பார்த்தார்.

"எனக்கும் சந்தேகந்தான். பாக்கு தண்ணியிலயே நிக்கிற சாதியாச்சே. சரி, எம்பொண்ணே சொல்லிட்டா, நமக்கென்ன தெரியும்னு விட்டுட்டேன்" என்றவர், குரலைத் தாழ்த்தி, "முருகம்மா பாக்குக் கன்னு வாங்கிட்டா, தெரியும்ல?" என்றார்.

நாகஜோதிக்குத் தெரியாது.

முருகம்மாளும் அவளும் ஆறாவதிலிருந்து பத்தாவது வரை ஒரே பெஞ்சு. முருகம்மாளின் அம்மா பேயாண்டியின் காட்டில் களையெடுக்க வந்தவள். நிலம் என்று ஒரு சாண் கிடையாத குடும்பம். கல்யாணமானதும் முருகம்மாளும் புருஷன் மலைச்சாமியும் திருப்பூருக்குப் போய், பத்து வருஷம் பனியன் கம்பெனியில் கிடந்து, திரும்பி வந்து ஒன்றேகால் ஏக்கர் வாங்கினார்கள். அவர்கள் வம்சத்தில் முதல் பட்டா அதுதான். பத்திரம் பதிந்த அன்று முருகம்மாள் போனில் அழுதது நாகஜோதிக்கு இன்னும் காதில் இருந்தது.

அன்று சாயங்காலம் அந்தக் காட்டுக்குப் போனாள். முழங்கால் உயரம் வளர்ந்திருந்த துவரையைப் பிடுங்கி வரப்போரம் குவித்திருந்தார்கள். அது அழுகி நாறிக்கொண்டிருந்தது. வரப்பில் நின்ற மூன்று வேப்பமரங்களும் இல்லை. குழி குழியாக நூற்றைம்பது பாக்குக் கன்றுகள். முருகம்மாள் குடத்தில் தண்ணீர் சுமந்துவந்து ஒவ்வொரு கன்றுக்கும் சொம்பு சொம்பாக ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏய் ஜோதி! வா, வா. பாத்தியா? இவரு முடியவே முடியாதுன்னாரு. நம்ம ஜோதியே கம்ப்யூட்டர்ல கண்டுபிடிச்சிருக்கா, அப்புறம் என்னய்யா யோசனைன்னு நாந்தான் மல்லுக்கட்டி வாங்க வச்சேன். வேம்பு நிழலடிக்கும்னு அந்தக் கம்பெனித் தம்பி சொன்னாப்ல, வெட்டிட்டோம்."

மலைச்சாமி தூரத்தில் மண்வெட்டியோடு நின்றபடி சிரித்தான். நாகஜோதியால் அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை. இப்போதே சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தாள். ஆனால் "இன்னும் கன்னு எதுவும் வாங்காத, நான் அடுத்த வாரம் வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினாள். பேராசிரியரைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அது சாக்கு என்பதும் தெரிந்தது.

திங்கட்கிழமை அழகுபாண்டி அவளைப் பார்த்ததும் கைகொடுத்தார். "என்னம்மா, ஊர்ல ஹீரோயின் ஆயிட்ட போல!"

"சார், ஆண்டு மலருக்குன்னு சொன்னீங்க."

"ஆண்டு மலர்லயும் வரும். பொன்மேகம் சூரியபிரகாஷ் நம்ம தாளாளருக்குச் சொந்தக்காரப் பையன். நல்ல பையன். ஊருக்கு ஏதாவது பண்ணணும்னு துடிக்கிறான்."

"மழை இல்லாத காட்டுல பாக்கு நடச் சொல்றாங்க சார்."

"மழை கூடும்னு நம்ம மாடல் சொல்லுதா இல்லையா?"

"நாலு மடங்கு வாயுவ ஒரே நாள்ல ஏத்தி நூத்தி இருபது வருஷம் கழிச்சு! அதுவும் அந்தக் கட்டத்துல பாதி மலை சார். மொத ரெண்டு மூணு வருஷம் மழை குறையத்தான் செஞ்சுது. மண்ணு ஈரம் கடைசி வரைக்கும் குறைஞ்சுதான் இருக்கு. உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும்மா. எந்த வருஷம்னு யாரு கேக்கப்போறா?" என்றார் அவர். கோபமே இல்லாமல், கடைக்காரன் சில்லறை கொடுக்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். பிறகு இழுப்பறையைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். "பிஎச்.டி.க்குப் பதியணும்னு கேட்டுக்கிட்டே இருந்தியே. எழுதிக் குடு. இந்த வாரமே கையெழுத்துப் போடுறேன்."

மூன்று வருஷமாக அவள் கேட்டுக்கொண்டிருந்த படிவம். மேஜையில் பழைய டீ ஆடை படிந்து ஈ மிதந்துகொண்டிருந்தது. அவர் அந்தப் படிவத்தை டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தார். நாகஜோதிக்கு ஒரு கணம் கை நீண்டது. நீண்ட கையைப் பார்த்ததும் உடம்பெல்லாம் எதுவோ ஊர்வதுபோல் கூசியது. படிவத்தை எடுக்காமலே வெளியே வந்தாள்.

புரட்டாசி முதல் ஞாயிறு, உசிலம்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பொன்மேகத்தின் விவசாயிகள் கூட்டம். பகல் பதினோரு மணிக்கு மண்டபம் நிறைந்திருந்தது. பின்கட்டில் பிரியாணி அண்டா இறங்கும் வாசனை முன்வரிசை வரை வந்தது. அழைக்காமலே போன நாகஜோதியை வாசலிலேயே பார்த்துவிட்ட சூரியபிரகாஷ், வெள்ளைச் சட்டையும் விரல் நிறைய மோதிரமுமாக ஓடிவந்தான். முப்பது வயதுக்குள்தான் இருக்கும்.

"அக்கா! நீங்களே வந்துட்டீங்களா! வாங்கக்கா மேடைக்கு."

சொல்லி முடிக்குமுன் மேடையில் நிறுத்தி, தோளில் ஒரு சரிகைப் பொன்னாடையைப் போர்த்திவிட்டான். வியர்வைக் கழுத்தில் அது பாம்புச் சட்டைபோல் ஒட்டியது. அவள் ஒலிவாங்கியைக் கேட்டாள். அவன் பல்லெல்லாம் தெரியக் கொடுத்தான்.

"பேனர்ல இருக்குறது நாந்தான். அந்தப் படத்த வரைஞ்சதும் நாந்தான்" என்று ஆரம்பித்தாள். கைதட்டினார்கள். "தட்டாதீங்க. அது இந்த ஊர்ல பெய்யப்போற மழை இல்ல. கம்ப்யூட்டர்ல ஒரு சோதனை. காத்துல இருக்குற கரியமிலவாயுவ ஒரே நாள்ல நாலு மடங்காக்கினா பூமி என்ன பண்ணும்னு பாக்குறது. உலகத்துல எங்கயும் அப்படி ஒரே நாள்ல நடக்காது. அதுலயும் நூத்தி இருபது வருஷம் கழிச்சு வர்ற கணக்கு. நம்ம ஊரையும் கொடைக்கானலையும் ஒண்ணாப் போட்டு அரைச்ச கணக்கு. அந்தக் கணக்குலயே மண்ணு காஞ்சுதான் போகுது. அந்தப் படத்த உங்களுக்குக் காட்டல. பாக்கு நட்டா பட்டுப்போகும். நடாதீங்க."

மூன்றாவது வரிசையில் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டியிருந்த மொக்கையன் என்ற பெரியவர் எழுந்தார்.

"அதெல்லாம் சரித்தா. வார வருஷம் மழை வருமா, வராதா? ஒரே வார்த்தையில சொல்லு."

பொய் சொல்ல அந்த மேடையில் ஏற்கெனவே ஆள் இருந்தது.

"தெரியாதுங்கய்யா."

முதலில் ஒருத்தன் சிரித்தான். பிறகு மண்டபமே சிரித்தது. "தெரியாதுன்னு சொல்லவா இம்புட்டுப் படிச்ச?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சூரியபிரகாஷ் அவள் கையிலிருந்த ஒலிவாங்கியை மெல்ல உருவிக்கொண்டான். "பெரிய படிப்புப் படிச்சவங்க எப்பவும் இப்படித்தான், தன்னடக்கமாப் பேசுவாங்க. அக்காவுக்கு ஒரு கைதட்டு! சாப்பாடு ரெடி, எல்லாரும் சாப்பிட்டுட்டுக் கன்னுக்குப் பதிவு பண்ணிக்கங்க."

நாற்காலிகள் கீச்சிட்டன. கூட்டம் பின்கட்டுக்குப் பாய்ந்தது. இலை விரிக்குமுன்பே கை நீட்டினார்கள். ஒருவர் காலை ஒருவர் மிதித்தார்கள். கோழிக்காலைப் பிடித்தபடியே ஒருவர் பதிவுத் தாளில் கையெழுத்துப் போட்டார். தாளில் மஞ்சள் ரேகை விழுந்தது. அவர்கள் எல்லாரும் அவளுக்குத் தெரிந்த முகங்கள். நல்ல மனுஷர்கள். வெயிலில் கருகிய கடலைச் செடியைப் பார்த்து அழுதவர்கள். அவர்களைப் பார்த்து இப்படி முகம் சுளிக்கிறோமே என்று அவளுக்கே தன்மேல் வெறுப்பு வந்தது. சுளிக்காமலிருக்கவும் முடியவில்லை. பொன்னாடையை நாற்காலியில் போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

வாசலில் முருகம்மாள் நின்றாள். சாப்பிடப் போகவில்லை.

"இத அன்னைக்கே காட்டுல வச்சு ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன். வாய் வரல."

"படத்துல இருந்த வெவரத்த அழிச்சிட்டாங்கன்னு உங்கப்பா சொன்னாரு. யாரு அழிச்சது? அந்த வாத்தியாரா?"

இதற்கும் சாக்குச் சொல்லிவிடலாம். அவர் சொல்லித்தானே செய்தாள்.

"நாந்தான் முருகு அழிச்சேன். அவரு அழிக்கச் சொன்னாரு. ஏதோ புஸ்தகத்துல வரப்போகுதுன்னு அழிச்சிட்டேன்."

முருகம்மாள் அவளையே பார்த்தாள். கத்துவாள் என்று நாகஜோதி எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முருகம்மாள் காறிப் பக்கத்து மண்ணில் துப்பினாள்.

"எங்காத்தா உங்க காட்டுல களையெடுத்தப்பக்கூட இப்படி ஏமாந்ததில்லடி" என்றுவிட்டு, முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள்.

அடுத்த நாள் நாகஜோதி வேலையை விட்டாள். கல்லூரிக்கும் நிறுவனத்துக்கும் படத்தை எடுக்கச் சொல்லிக் கடிதம் எழுதினாள். பதினைந்து நாள் கழித்துக் கல்லூரி இணையதளத்தில் அவளுடைய பெயரை எடுத்தார்கள். படத்தை எடுக்கவில்லை. பெயர் இருந்த இடத்தில் 'பேராசிரியர் அழகுபாண்டி தலைமையில்' என்று வந்தது.

அந்த வருஷம் ஐப்பசியில் நல்ல மழை. கண்மாய் பெருகி மறுகால் போனது. எத்தனையோ வருஷத்துக்கு ஒருமுறை வருகிற மழைதான். அதற்கும் அவளுடைய நூற்றைம்பது வருஷ ஓட்டத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் பொன்மேகம் புதுப் பேனர் வைத்தது: 'சொன்னோம், பெய்தது!' கூட்டத்தில் சிரித்தவர்கள் இப்போது பேயாண்டியை வழியில் நிறுத்தி, "ஒம்மவ பெய்யாத மழைன்னாளே, பெஞ்சிருச்சே மாப்ள" என்று நையாண்டி செய்தார்கள். இன்னும் நாற்பது குடும்பம் கன்று வாங்கியது. அந்த மழையைப் பார்த்துக்கூட நாகஜோதியால் சந்தோஷப்பட முடியவில்லை. மானாவாரிக்காரன் மகளுக்கு மழையைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டி வந்ததே என்பதுதான் எல்லாவற்றையும்விட அசிங்கமாக இருந்தது.

முருகம்மாள் மட்டும் கூட்டம் முடிந்த மறுநாளே கன்றுகளைப் பிடுங்கிவிட்டாள். மலைச்சாமி வேண்டாம் என்று மறித்திருக்கிறான்; கேட்கவில்லை. அவள் சோளம் விதைத்தாள். ஐப்பசி மழை அதற்குப் போதுமாக இருந்தது. மற்றவர்களின் பாக்கு மாசியில் நுனி கருகியது, பங்குனியில் ஓலை பழுத்தது, சித்திரையில் விளக்குமாற்றுக் குச்சியாக நின்றது. பொன்மேகம் அலுவலகம் இருந்த இடத்தில் மொபைல் கடை வந்துவிட்டது. சூரியபிரகாஷின் போன் அணைந்திருந்தது. பேராசிரியருக்கு ஏதோ ஒரு அமைப்பு விவசாயிகளுக்கு உழைத்ததற்காக விருது கொடுத்த செய்தி, இலை வடாமுக்குக் கீழே விரித்திருந்த பழைய நாளிதழில் நாகஜோதியின் கண்ணில் பட்டது. வடாம் காய்ந்ததும் அந்தத் தாளைச் சுருட்டி அடுப்பில் போட்டாள்.

அப்போது அவள் ஒத்தக்கடையிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் மறுபடி ஓம் விதி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முருகம்மாள் பேயாண்டி வீட்டுக்கு வந்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு முதல் தடவை. உட்காரவில்லை.

"நாளைக்குக் கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கப் போறோம், பதினேழு குடும்பம். எழுதத் தெரிஞ்ச ஆள் வேணும். நீ வா. அந்தப் பழுப்புப் படமும் வேணும், அதையும் வச்சுக் குடுக்கணும்."

"வாரேன்."

"வாறது மட்டும் பத்தாது. யார் யாரு என்ன செஞ்சாங்கன்னு எழுதணும். உன் பேரும் வரணும்."

நாகஜோதி அன்று மத்தியானம் உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினாள். நிறுவனம், பேராசிரியர், மூன்றாவதாகத் தான். எந்த வரியை, எந்தத் தேதியில், யார் சொல்லி அழித்தாள் என்று எழுதினாள். பச்சைப் படத்தையும் பழுப்புப் படத்தையும் அடுத்தடுத்து ஒட்டி, இரண்டுக்கும் தலைப்பை முழுசாகப் போட்டாள். பேயாண்டி படித்துப் பார்த்துவிட்டு, "ஒம்பேர ஒன் கையாலயே எழுதணுமாத்தா?" என்று ஒரு தடவை கேட்டார். அப்புறம் கேட்கவில்லை.

மறுநாள் கலெக்டர் அலுவலக வாசலில் மனுக்களைத் தட்டச்சு செய்து கொடுக்கிறவர் மூன்றாவது பக்கம் வந்ததும் விரலை நிறுத்தினார். "என்னம்மா இது, தன் மேல தானே யாராச்சும் மனு குடுப்பாங்களா?"

"அவ சொன்னபடியே அடிங்கண்ணே" என்றாள் முருகம்மாள்.

மனுவைக் கொடுத்துச் சீட்டு வாங்கினார்கள். ஆட்கள் அதிகம், வெளியே வர மூன்று மணி ஆகிவிட்டது. ஆரப்பாளையத்தில் உசிலம்பட்டி பஸ் ஏறும்போது முருகம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்து இடம் காலியாக இருந்தது. அதில் தன் கூடையை வைத்துக்கொண்டாள். நாகஜோதி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செக்கானூரணி வந்தபோது கூட்டம் நெருக்கியது. முருகம்மாள் வெளியே பார்த்தபடியே கூடையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"உக்காரு" என்றாள்.